மலையகக் குளிரில் ஓவர்கிளொக்: சத்தமில்லாத கொம்பியூட்டருக்கு எதில் காசு போடுவது?

சரி, அடுத்த கேள்வி. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் புதிதாக ஒரு கொம்பியூட்டர் கட்டப் போகிறாராம். ரைசன் 5 5600 ப்ரொசஸர், ஏ520 மதர்போர்ட், 240 மில்லிமீற்றர் லிக்விட் கூலர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேசிங், அந்தக் கேசிங்கோடு இலவசமாக வரும் ‘700 வொட்’ பவர் சப்ளை. பாவித்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்ட் ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. நன்றாக ஓவர்கிளொக் செய்ய வேண்டும் (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஓடவிடுவது), ஆனால் சத்தம் வரக்கூடாது. வீட்டில் ஒரே அறைதான், தங்கச்சி ஓ.எல். படிக்கிறா, அம்மா கொழுந்துக்குப் போகிறவர், ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார் என்கிறார். மாலையில் பல்ப் மங்குகிறது, பனிமூட்டம் வீட்டுக்குள் வருகிறது, இதனால் பழுதாகுமா என்றும் கேட்கிறார்.

தம்பி, உங்கள் பட்டியலில் ப்ரொசஸரையும் கார்டையும் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றச் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். விலை சொல்லமாட்டேன், டொலர் ஏறி இறங்க அது மாறிவிடும். எதில் காசு போடுவது, எதில் போடக்கூடாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஓவர்கிளொக் பற்றி. 1998இல் இன்டெல் செலரொன் 300ஏ என்று ஒரு ப்ரொசஸர் வந்தது. 300 மெகாஹேர்ட்ஸில் ஓட வேண்டியது. மதர்போர்டில் பஸ் (ப்ரொசஸருக்குத் தரவு போய் வரும் பாதை) வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் 450இல் ஓடும். சும்மா கிடைத்த ஒன்றரை மடங்கு வேகம்! அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் இன்னமும் பலர் ஓவர்கிளொக் என்றால் ஆசைப்படுகிறார்கள். இப்போது வருகிற ப்ரொசஸர்கள் குளிர்ச்சியும் கரண்டும் இருக்கும் அளவுக்குத் தாங்களாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. உங்கள் 5600 எடுத்த எடுப்பிலேயே 4.4 கிகாஹேர்ட்ஸ் வரை போகும். அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து 4.6இல் கட்டி வைத்தால், கேமில் கிடைக்கிற லாபத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஃபேன் சத்தம் மட்டும் காதால் கேட்கும்.

ஏன் என்று சொல்கிறேன். ப்ரொசஸர் இழுக்கும் சக்தி, வேகத்தோடு நேராகக் கூடும். ஆனால் வோல்டேஜ் கூடினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். திருப்பிப் பாருங்கள்: அதே வேகத்தில் 1.3 வோல்ட்டை 1.2 ஆக்கினால் ஏறக்குறைய 15 வீதம் சக்தி குறையும். அவ்வளவு சூடும் குறையும். அதனால் எங்களைப் போலக் கையில் அளவாகக் காசு உள்ளவர்களுக்கு, வோல்டேஜைக் குறைத்து வேகத்தைப் பிடிப்பதுதான் வழி. சூடு உண்டாகாவிட்டால் அதை வெளியே தள்ள ஒன்றும் வாங்கத் தேவையில்லை. லிக்விட் கூலர் வேண்டாம் என்பதற்கு அதுதான் காரணம். 5600 ஒரு 65 வொட் ப்ரொசஸர். அதற்கு லிக்விட் கூலர் தேவையில்லை. அதில் பம்ப் சத்தம் வேறு, அது பழுதானால் வொரண்டிக்குக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியது வேறு.

இதில் மலையகத்துக்காரருக்கு இயற்கையே கொடுத்த ஒரு சலுகை இருக்கிறது. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அறையின் வெப்பத்துக்கு மேலே இத்தனை டிகிரி என்றுதான் ப்ரொசஸரின் சூடு நிற்கும். கொழும்பில் அறையே 28 டிகிரியில் தொடங்குகிறது. நுவரெலியாவில் சராசரி 16 டிகிரி அளவு. தலவாக்கலை கொஞ்சம் கீழே இருப்பதால் அதைவிடச் சூடு, ஆனாலும் கொழும்போடு ஒப்பிட்டால் நிறைய மிச்சம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒருவர் உங்களுக்குக் கூலர் பரிந்துரைக்கும்போது அவர் தன் ஊர் வெயிலை வைத்துத்தான் சொல்கிறார்.

ஒரு சின்னக் கழிவும் உண்டு. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1870 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கு அளவுதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளுகிற காற்றின் எடை குறைவு, அதனால் எடுத்துப் போகும் சூடும் குறைவு. இரண்டையும் கூட்டிக் கழித்தால் குளிர்தான் வெல்கிறது. கொழும்பில் 80 டிகிரியில் நிற்கும் அதே கொம்பியூட்டர் நுவரெலியாவில் 73, 74இல் நிற்கும் என்பது என் கணக்கு.

இனிப் பாகங்களுக்கு வருவோம். ஏ520 போர்டில் ப்ரொசஸரை ஓவர்கிளொக் செய்ய ஏஎம்டி அனுமதி கொடுப்பதில்லை. ரேமை ஏற்றலாம், அவ்வளவுதான். பி450 அல்லது பி550 எடுங்கள். பி450 மலிவாகக் கிடைக்கும், ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ப்ரொசஸருக்குப் பக்கத்தில் கரண்டைச் சீராக்கும் பகுதி இருக்கும், அதன் மேலே அலுமினியக் கட்டி பொருத்தியிருக்க வேண்டும். அடுத்தது பயோஸ், அதாவது கொம்பியூட்டரை எழுப்புவதற்குப் போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். பி450 போர்ட் 5600க்கு முன்பே வந்தது. பழைய பயோஸ் இருந்தால் கொம்பியூட்டர் எழும்பாது. காசு கொடுக்குமுன் கடையிலேயே புதிய பயோஸ் போட்டு, உங்கள் ப்ரொசஸரைப் பொருத்தித் திரை வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். தலவாக்கலையிலிருந்து இதற்காகத் திரும்பிப் போய் வந்தால் மிச்சப்படுத்திய காசு பஸ்ஸிலேயே போய்விடும்.

இன்டெல் பக்கம் யாராவது யோசித்தால்: பெயரின் பின்னால் கே எழுத்து உள்ள ப்ரொசஸரும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் முறையான ஓவர்கிளொக். அந்த ஜோடி பட்ஜெட்டில் அடங்காது.

ரேம் எட்டு எட்டாக இரண்டு துண்டு, டிடிஆர்4 3200 அல்லது 3600. பதினாறை ஒரே துண்டாக வாங்காதீர்கள், பாதிப் பாதை மூடிக் கிடக்கும். பொருத்தியதும் பயோஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஒன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 3200 என்று எழுதிய ரேம் 2133, 2400 அப்படி ஏதாவது ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனையோ பேர் வருடக்கணக்கில் அப்படியே பாவிக்கிறார்கள். பட்ஜெட் கொம்பியூட்டரில் காசு செலவில்லாத மிகப் பெரிய ஓவர்கிளொக் இதுதான். 3600 எடுத்தால் ப்ரொசஸரின் உள்ளிணைப்பு அதில் சரிபாதியான 1800இல் ரேமோடு ஒத்து ஓடும். அதற்கு மேலே போய் மினக்கெட வேண்டாம்.

பவர் சப்ளை பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன். கேசிங்கோடு இலவசமாக வருவதை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபலில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை அம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 40 அம்பியர் என்றால் 480 வொட். 700 என்று பெட்டியில் எழுதிவிட்டு இந்தப் பெருக்கலில் பாதிகூட வராதவை சந்தையில் இருக்கின்றன. உங்கள் ப்ரொசஸரும், 125 வொட் எடுக்கும் 1660 சூப்பரும் சேர்த்து முழு வேலையிலும் 300 வொட்டைத் தாண்டாது. நல்ல கம்பெனியின் 550 வொட், 80 ப்ளஸ் ப்ரொன்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச் சான்று) போதும். பாதிச் சுமையில் ஓடுவதால் அதன் ஃபேனும் மெதுவாகவே சுற்றும்.

பல்ப் மங்குகிறது என்றீர்கள் அல்லவா? அதே லேபலில் இன்புட் என்ற இடத்தில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா, 200-240 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். எங்களுக்கு 230 வர வேண்டும். லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஹீட்டரும் கேத்தலும் போட்டால் 200க்குக் கீழே விழலாம், அப்போது இரண்டாவது வகை அணைந்துவிடலாம். ஓவர்கிளொக் சரியில்லை என்று நினைத்து நீங்கள் பயோஸைக் கிண்டிக்கொண்டிருப்பீர்கள். முடிந்தால் வோல்டேஜைச் சீராக்கும் யூபிஎஸ் ஒன்று போடுங்கள். பிளக்கில் எர்த் இருக்கிறதா என்றும் ஒரு மின்வேலைக்காரரைக் கொண்டு பாருங்கள். கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இழுத்தால் எர்த் இல்லை என்று சந்தேகப்படலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் தொடங்கினால் பிளக்கையே கழற்றிவிடுங்கள், ரவுட்டர் வயரையும் சேர்த்து.

அப்புறம் சத்தம். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், ஆனால் சத்தம் 15 டெசிபல் அளவு இறங்கும். ஒன்றுக்கு இரண்டு ஃபேன் போட்டால் கூடுவது 3 டெசிபல்தான். அதாவது வேகமாகச் சுற்றும் ஒரு ஃபேனுக்குப் பதில் பாதி வேகத்தில் இரண்டு போட்டால், ஏறக்குறைய அதே காற்று 12 டெசிபல் குறைந்த சத்தத்தில் கிடைக்கும். கண்ணாடி முகக் கேசிங் வேண்டாம் என்பது இதனால்தான். அது மூக்கைப் பொத்திக்கொண்டு மலை ஏறுகிற மாதிரி. உள்ளே காற்று வர வழியில்லாமல் எல்லா ஃபேனும் மூச்சு வாங்கும். முன்பக்கம் வலை போட்ட கேசிங், முன்னால் 120 மில்லிமீற்றர் இரண்டு, பின்னால் ஒன்று. மூன்றையும் நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் கட்டி வைத்துவிடலாம்.

ப்ரொசஸருக்கு ஒற்றைக் கோபுரக் கூலர் போதும். தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120, டீப்கூல் ஏகே400 மாதிரி. வாங்குமுன் கேசிங்கின் அகலத்துக்குள் கூலரின் உயரம் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏகே400 155 மில்லிமீற்றர் உயரம். பெட்டியோடு வரும் சின்னக் கூலரும் வேலை செய்யும், ஆனால் இரைச்சல். இதைப் பார்க்கிற யாராவது பழைய ஏஎம்4 (உங்கள் 5600 பொருந்தும் அதே சொக்கெட்) கொம்பியூட்டரில் கூலர் மாற்றுவதாக இருந்தால், குளிர்ந்து கிடக்கும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். எங்கள் குளிரில் இடையில் பூசிய பேஸ்ட் இறுகி, ப்ரொசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து அதன் அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடும். பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓடவிட்டு, அணைத்து, இடமும் வலமும் மெதுவாகத் திருப்பிவிட்டு எடுங்கள்.

நிலையான சத்தத்துக்குக் காது பழகிவிடும். ஏறி இறங்குவதுதான் படிக்கிற பிள்ளையை எரிச்சல்படுத்தும். ரைசன் ஒரு புரவுசர் பக்கம் திறந்தாலே ஒரு கணம் சூடேறும், ஃபேன் உடனே ஊளையிடும். பயோஸில் ஃபேன் செட்டிங்கில் வேகம் மாறுவதற்கான தாமதத்தைக் கூட்டிவிடுங்கள், 70 டிகிரி வரை ஏறக்குறைய ஒரே வேகத்தில் வையுங்கள். பலகைத் தரை என்றால் கேசிங்கின் கால்களுக்குக் கீழே பழைய சைக்கிள் டியூப் துண்டு வெட்டி வையுங்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது இது எதுவும் தேவையில்லை, ஜெட் எஞ்சின் ஓடினாலும் கேட்காது. மழை விட்ட பிறகுதான் பிரச்சினை.

இனி, முதலில் சொன்ன வோல்டேஜ் குறைப்பு. பயோஸில் பிபிஓ (ஏஎம்டியின் ஓவர்கிளொக் செட்டிங்) பகுதிக்குள், வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஒப்டிமைசர் இருக்கும். எல்லாக் கோர்களுக்கும் நெகட்டிவ் 15 வைத்துத் தொடங்குங்கள். நன்றாக ஓடினால் 20. இது தடுமாறுவது பெரும்பாலும் முழு வேலையின்போது அல்ல, சும்மா இருக்கும்போது. அதனால் டெஸ்ட் ஓட்டிப் பாஸாகிவிட்டது என்று நம்பாமல், ஒரு வாரம் வழக்கம்போலப் பாவித்துப் பாருங்கள். காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆனால் எண்ணைக் குறையுங்கள், 20ஐ 15 ஆக்குவதுபோல. பிபிஓ செட்டிங்கை மாற்றினால் ஏஎம்டி வொரண்டி செல்லாது என்பது அவர்களுடைய விதி, தெரிந்தே செய்யுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளை இறக்கி, பவர் லிமிட்டை 80 வீதத்துக்கு இழுத்துவிட்டு ஒரு கேம் ஓட்டிப் பாருங்கள். வேகம் குறைந்ததே தெரியாது, ஃபேன் அடங்கியிருக்கும்.

பனிமூட்டம்: ஓடிக்கொண்டிருக்கும் கொம்பியூட்டரின் எந்தப் பாகமும் அறையைவிடக் குளிராக இருப்பதில்லை, அதனால் வியர்க்காது. குளிர்ந்த பெட்டியை அப்படியே கொழும்புச் சூட்டுக்குக் கொண்டுபோனால் வியர்க்கும். அப்போது சில மணித்தியாலம் வைத்துவிட்டு ஒன் பண்ணுங்கள். பனியைவிட நான் பயப்படுவது விறகடுப்புப் புகைக்கு. கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஃபேன் இதழில் ஒட்டினால் ஃபேன் நடுங்கத் தொடங்கும், எல்லா மெனக்கெடலும் வீண். கேசிங்கைக் குசினிச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள், ஃபேனைச் சுற்றவிடாமல் கையால் பிடித்துக்கொண்டு.

பட்டியலைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள் தம்பி. போர்டின் மாடல் பெயரை முழுதாக எழுதுங்கள், பி450 என்று மட்டும் போட்டால் போதாது. அதே பெயரில் நல்லதும் இருக்கிறது, அலுமினியக் கட்டியே இல்லாததும் இருக்கிறது.