வெல்ஷ் மொழியும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் நேரத்துக்கு வந்து முன் வரிசையில் அமர்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பதினோரு வருஷமாகத் தோளில் சுமக்கும் ஆசிரியைமார்களே, காலை ஐந்து மணிக்கே எழுந்து நூற்றைம்பது பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் கிளறிய தாய்மார்களே, மாமாக்களே, எல்லோருக்கும் வணக்கம். உறுப்பினர் அம்மையார் மேடையேறியதும் நம் மொழியில் ‘வணக்கம்’ சொன்னார்கள். அதற்கு மரியாதையாக நான் அவர்கள் மொழியில் சொல்கிறேன்: ப்ரின்ஹவ்ன் தா. இனிய பிற்பகல் வணக்கம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வெல்ஷ் மொழியின் உறவுக்காரர்கள் யார் என்பது ஒன்று. அது எப்படித் தேய்ந்தது, எப்படித் திரும்ப எழுந்தது என்பது இரண்டு. 1865-இல் மிமோசா என்ற கப்பலேறி அர்ஜென்டினாவின் படகோனியாவுக்குப் போய் அங்கேயும் இந்த மொழியை வைத்திருக்கிறவர்களைப் பற்றியது மூன்று.

உறவிலிருந்து தொடங்குகிறேன். வெல்ஷ், இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கத்துக் கார்னிஷ், பிரான்ஸில் பிரித்தானி பக்கத்துப் பிரெத்தோன் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மேன் தீவின் மேங்க்ஸ் மூன்றும் சித்தி பிள்ளைகள் மாதிரி. வெல்ஷில் தலைக்கு ‘பென்’, ஐரிஷில் ‘க்யான்’. வெல்ஷில் மகன் ‘மாப்’, ஐரிஷில் ‘மாக்’. மெக்டொனால்ட் என்று கடைப் பலகையில் பார்க்கிறோமே, அந்த ‘மெக்’ இந்த மகன்தான். இங்கே ப என்றால் அங்கே க. இதை ஒரு பிடி பிடித்துக்கொண்டால் குடும்பம் முழுக்க அடையாளம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, தமிழ்க் காதுக்குப் பிடித்தது. மரமும் ‘கள்’ளும் சேர்ந்தால் மரங்கள் ஆகிறது நமக்கு. வெல்ஷில் சொல்லின் வால் மட்டும் இல்லை, தலையே மாறும். பூனை ‘காத்’. அவனுடைய பூனை என்றால் அந்தக் க ‘தங்கம்’ என்பதில் வருகிற க போல மென்மையாகும். அவளுடைய பூனை என்றால் தொண்டையில் உரசி ‘ஹாத்’ ஆகும். என் பூனை? ‘வ ஙாத்’. என் மகள் ஆறு வயதில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பூனையின் காதைப் பிடித்துக்கொண்டு ‘வ ஙாத் ஈ’ என்றாள். அரிச்சுவடியில் ‘ஙப்போல் வளை’ என்று மனப்பாடம் செய்ததோடு சரி, ங-வில் தொடங்கும் ஒரு சொல்லை நான் அன்றாடம் பேசியதே இல்லை. அதை என் பிள்ளை வாயில் கேட்டேன். யாரும் அவளுக்கு இலக்கணம் சொல்லித் தரவில்லை. மூன்று வயதில் வெல்ஷ் மழலையர் பள்ளியில் விட்டோம், அவ்வளவுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று என் அப்பத்தா சொல்லும். சும்மா சொல்லவில்லை.

சரி, தேய்ந்த கதைக்கு வருகிறேன். 1911 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசியவர்கள் ஏறக்குறைய 9,77,000 பேர், நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேருக்கு மேல். 2021-இல் 5,38,000 பேர், நூற்றுக்குப் பதினெட்டு பேர்கூட இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டினார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். பள்ளி விடும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்கு அடி. தொட்டிலில் பழகியதைப் பிடுங்க எத்தனை பாடு பாருங்கள்.

இப்போது ஒரு குடும்பத்தின் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கேளுங்கள். லனெலி பக்கம் லான்கெனெக் என்று ஓர் ஊர். அங்கே ட்ரெவர் பீஸ்லி, ஐலீன் பீஸ்லி என்று ஒரு தம்பதி. ட்ரெவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1952-இல் வீட்டு வரிச் சீட்டு வருகிறது, முழுக்க ஆங்கிலத்தில். ஐலீன் அம்மா ‘வெல்ஷில் அனுப்புங்கள், கட்டுகிறேன்’ என்று எழுதினார். பணம் இல்லாமல் இல்லை, கட்ட மனமில்லாமலும் இல்லை. சீட்டு என் மொழியில் வரட்டும், அவ்வளவுதான் கோரிக்கை. இதில் நெஞ்சு வலிப்பது எது தெரியுமா? சீட்டு அனுப்பிய உள்ளாட்சி மன்றத்தின் உறுப்பினர்கள் எல்லோருமே வெல்ஷ் பேசுகிறவர்கள்! அலுவலர்களும் அப்படித்தான். ஆனாலும் மாட்டோம் என்றார்கள். நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல். ஜப்தி செய்ய ஆட்கள் வந்தார்கள். பியானோ போனது. கம்பளம் போனது. கட்ட வேண்டிய வரியைவிட, தூக்கிக்கொண்டு போன சாமானின் விலை அதிகம். கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு வெறும் கூடத்தில் நின்ற அந்த அம்மாவை நினைத்துப் பாருங்கள். ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை, எட்டு வருஷம். கடைசியில் 1960-இல் இரண்டு மொழியிலும் அச்சடித்த வரிச் சீட்டு அந்த வீட்டு வாசலுக்கு வந்தது. (கைதட்டல்.)

1962 பிப்ரவரியில் வெல்ஷ் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் மொழியின் கதி பற்றிப் பேசியபோது இந்தக் குடும்பத்தைத்தான் எடுத்துக்காட்டினார். அதே வருஷம் வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. சாலைப் பலகை, தொலைக்காட்சி, 1967 மொழிச் சட்டம், 1993 மொழிச் சட்டம் எல்லாம் அப்புறம் வந்தவை.

ஆனால் சட்டத்துக்கும் முன்னால் ஒன்று நடந்தது. அதற்காகத்தான் இன்று நான் பேசவே ஒப்புக்கொண்டேன். 1939 செப்டம்பரில், போர் மூண்ட அதே மாதம், அபெரிஸ்ட்வித் ஊரில் ஏழே ஏழு பிள்ளைகளோடு முதல் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி திறந்தது. ஏழு பேர்! 1971-இல் மழலையர் பள்ளி இயக்கம் வந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதை இவர்கள் திட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். சித்தி பிள்ளை மேங்க்ஸையும் பாருங்கள். மேன் தீவில் தாய்மொழியாக மேங்க்ஸ் பேசிய கடைசி மனிதர் நெட் மாட்ரல் 1974-இல் காலமானார். இன்று அங்கே ஒரு தொடக்கப் பள்ளி மேங்க்ஸிலேயே நடக்கிறது. இறந்தது என்று எழுதியவர்கள் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. படகோனியாவை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன், நேரம் போகிறது.

நாம் இந்த மண்ணில் இருபது, முப்பது வருஷமாக வாழ்கிறோம். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம்? கை தூக்குங்கள் என்றால் நான்கு கை. ‘நமக்கே வெல்ஷ் தெரியாதே, வீட்டுப்பாடத்துக்கு என்ன செய்வது’ என்று கேட்கிறீர்கள். இந்த நகரத்தில் அந்தப் பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வீட்டிலும் வெல்ஷ் கிடையாது. ‘தமிழ் போய்விடுமே’ என்கிறீர்கள். தமிழை விழுங்குவது வெல்ஷ் இல்லை, வீட்டில் நாமே பிள்ளையிடம் பேசும் ஆங்கிலம். என் மகள் அப்பத்தாவிடம் தமிழ், பள்ளியில் வெல்ஷ், தெருவில் ஆங்கிலம் பேசுகிறாள். மூன்றையும் குழப்பிக்கொண்டதில்லை. 2050-க்குள் பத்து லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்று இந்த நாட்டு அரசு குறிக்கோள் வைத்திருக்கிறது. அந்தப் பத்து லட்சத்தில் நம் பிள்ளைகள் நூறு பேராவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வெளியே வடை தட்டுக்குப் பக்கத்து மேசையில் படிவம் வைத்திருக்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு மழலையர் பள்ளியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். என் காரில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. உறுப்பினர் அம்மையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தியோல்க். நன்றி, வணக்கம்.