இரண்டு நிமிட முகங்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஒரு சினிமா மலர்வளையத்தோடு தொடங்குகிறது. யாரோ இறந்துபோயிருக்கிறார்கள் என்று நினைத்து உற்றுப் பார்த்தால், வளையத்துக்கு நடுவே இருப்பது ரேஷன் கூப்பன். இதன் நினைவுக்குச் சமர்ப்பணம் என்று எழுத்து வருகிறது. 1949-இல் வெளியான 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ' என்ற பிரிட்டிஷ் படம் அது. அந்த வருஷம் மார்ச் மாதத்தில்தான் பிரிட்டனில் துணி ரேஷன் ஒழிந்தது. அடுத்த மாதமே படம் வந்துவிட்டது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அந்தக் கூப்பனை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள். அவர்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

போரில் ஜெயித்த நாடுதான். ஆனால் போர் நடந்தபோதுகூட இல்லாத ரொட்டி ரேஷன் 1946-இல் வந்து இரண்டு வருஷம் நீடித்தது. இறைச்சி ரேஷன் 1954 வரை போகவில்லை. குண்டு விழுந்த தெருக்களில் இடிபாடுகள் அப்படியே கிடந்தன. எங்கே போனாலும் வரிசை. கைக்கெட்டிய சந்தோஷம் சினிமா ஒன்றுதான். 1946-இல் மட்டும் அங்கே 163 கோடி டிக்கெட்டுகள் விற்றன. நாட்டின் ஜனத்தொகையோ ஐந்து கோடிகூட இல்லை. அந்த ஜனங்களைச் சிரிக்க வைத்த படங்களைப் பற்றி, அதிலும் முக்கியமாக அவற்றில் இரண்டு நிமிஷம் வந்துவிட்டுப் போன முகங்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

லண்டனுக்கு மேற்கே ஈலிங் என்று ஒரு புறநகர். அங்கே ஒரு சின்ன ஸ்டூடியோ. மைக்கேல் பால்கன் அதன் தலைவர். 1947 முதல் 1955 வரை அங்கிருந்து வந்த நகைச்சுவைப் படங்களை இன்றும் 'ஈலிங் காமெடி' என்றே சொல்கிறார்கள். பெரிய நட்சத்திரங்களை நம்பி எடுத்த படங்கள் அல்ல அவை. பிம்லிகோ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெடிக்காமல் கிடந்த ஒரு குண்டு வெடிக்கிறது. குழிக்குள் புதையல், கூடவே ஒரு பழைய சாசனம். அதன்படி பிம்லிகோ என்ற அந்த லண்டன் பேட்டை இங்கிலாந்துக்குச் சொந்தமே அல்ல, பிரான்ஸ் பக்கத்துப் பர்கண்டி பிரதேசத்தின் பிரபுவுக்குச் சொந்தம். அப்படியானால் இங்கிலாந்தின் ரேஷன் சட்டம் நமக்கு எதற்கு என்று தெருவாசிகள் அட்டையைக் கிழித்துப் போடுகிறார்கள். அரசாங்கம் முள்வேலி போடுகிறது. பாதாள ரயிலை நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். வேலிக்கு வெளியே இருக்கும் லண்டன்வாசிகள் உணவுப் பொட்டலங்களை உள்ளே வீசுகிறார்கள்.

இதில் கதாநாயகன் யார் என்று கேட்டால் அந்தத் தெருதான். கடைக்காரராக ஸ்டான்லி ஹாலோவே, வங்கி மேனேஜராக ரேமண்ட் ஹண்ட்லி, சாசனத்தைப் படித்துக் காட்டும் பேராசிரியையாக மார்கரெட் ரதர்ஃபோர்ட். பொறுப்பை அடுத்த இலாகாவின் தலையில் கட்டும் இரண்டு அதிகாரிகளாக பேசில் ராட்ஃபோர்டும் நான்டன் வெய்னும். இந்த இரண்டு பேரும் 1938-லிருந்தே ஜோடியாக வந்தவர்கள். அவர்கள் தலை தெரிந்த உடனேயே ஜனங்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பெயர் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. அட, இவர்தானே என்று முகத்தை மட்டும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இத்தனை முகங்கள் எங்கிருந்து கிடைத்தன? நாடகத்திலிருந்துதான். அந்தக் காலத்து பிரிட்டனில் ஊர் ஊருக்கு நாடகக் கம்பெனிகள் இருந்தன. பல கம்பெனிகளில் வாரம் ஒரு புது நாடகம். இந்த வார நாடகத்தை ராத்திரி நடித்துக்கொண்டே, பகலில் அடுத்த வாரத்து நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பார்கள். அப்படி நாலைந்து வருஷம் உழைத்தவர் அதற்குள் பாதிரியாராக, போலீஸ்காரராக, சமையற்காரராக, எண்பது வயதுத் தாத்தாவாக நூறு பேராக வாழ்ந்து முடித்திருப்பார். ஸ்டூடியோக்களும் லண்டனைச் சுற்றியே இருந்தன. பகலில் படப்பிடிப்பு, சாயங்காலம் திரும்பி வந்து மேடை. ஒரே ஒரு காட்சிக்கு ஒரு அஞ்சல்காரர் வேண்டும் என்றால், பத்து வகை அஞ்சல்காரர்களை மேடையில் நடித்துத் தேறிய ஒருவர் மறுநாள் காலையில் வந்து நிற்பார்.

சாம் கிட் அப்படிப்பட்டவர். போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, போலந்தில் ஐந்து வருஷம் கைதியாக இருந்தார். முகாமுக்குள்ளேயே சக கைதிகளை வைத்து நாடகம் போட்டார். ஊர் திரும்பியபின் இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் தலைகாட்டினார். சிப்பாய், டாக்ஸிக்காரர், சில்லறைத் திருடன் என்று எந்த வேடத்தையும் அவர் விடவில்லை.

மைல்ஸ் மாலசனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தொங்கும் தாடை, மங்கிய பார்வை, எதையோ தேடிக்கொண்டே வருகிற நடை. அவர் நல்ல திரைக்கதை ஆசிரியரும்கூட. 1949-இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்' படத்தில் அலெக் கின்னஸ் ஒரே குடும்பத்தில் எட்டுப் பேராக நடித்தார். அதில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் வரும் தேவாலயக் காட்சி ஒன்று உண்டு. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையாமல் பொருத்தி, லென்ஸின் ஒரு பகுதியை மட்டும் திறந்து, அதே ஃபிலிமில் ஒவ்வொரு வேடமாகப் பதித்தார். யாராவது இடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று ராத்திரி கேமராவுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார். கின்னஸின் சாதனையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் படத்தில் முதலில் நினைவுக்கு வருவது மாலசன்.

அவர் அதில் தூக்குப் போடுபவர். மறுநாள் காலையில் ஒரு பிரபுவைத் தூக்கிலிட வேண்டும். சிறைக்குள் வந்ததும் அவருக்கு வரும் கவலை என்ன தெரியுமா? பிரபுவை என்ன மரியாதைச் சொல் வைத்து அழைப்பது என்பதுதான். சாகப்போகிறவர் மனம் கோணக்கூடாதே என்று மெய்யாகவே தவிக்கிறார். பிரபுவுக்குப் பட்டுக்கயிறாம், அதைப் பிடித்த கையால் இனிச் சணல் கயிற்றைப் பிடிக்க முடியாது, இத்தோடு ஓய்வு பெறுகிறேன் என்கிறார். வாசித்துக் காட்ட ஒரு கவிதை வேறு கையில். அந்த முகத்தில் துளிக்கூடக் கேலி கிடையாது. தன் வேலையைப் பெருமையாக நினைக்கும் ஒரு தொழிலாளியின் முகம் அது. மொத்தமாக சில நிமிஷங்கள்தான் வருகிறார். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு வீடு இருக்கிறது, முப்பது வருஷ வேலை அனுபவம் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த நடிகர்களின் ரகசியம் அதுதான் என்று நான் நம்புகிறேன். தான் நகைச்சுவைப் படத்தில் இருக்கிறோம் என்பது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியவே கூடாது.

மார்கரெட் ரதர்ஃபோர்ட் இதை உயிராகவே கொண்டிருந்தவர். நம் நேயர்களில் பலருக்கு ஒரு செய்தி புதிதாக இருக்கலாம். 1892-இல் லண்டனில் பிறந்த அவர் கைக்குழந்தையாக இருந்தது நம் சென்னையில். அங்கேதான் அம்மாவை இழந்தார். மூன்று வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அம்மாவின் சகோதரி வீட்டில் வளர்ந்தார். பியானோவும் பேச்சுக்கலையும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் மேடை ஏறினார். வாழ்நாள் முழுக்க மனச்சோர்வு விட்டு விட்டு வந்தது. திரையிலோ, தொப்பியும் மேலங்கியும் காற்றில் பறக்க, கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவது போல வருவார்.

1950-இல் வந்த 'தி ஹாப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்' படத்தில் அவர் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. அமைச்சகத்தில் நடந்த தவறால் அந்தப் பள்ளி முழுவதும் ஒரு ஆண்கள் பள்ளிக்குள் வந்து இறங்கிவிடுகிறது. ஆண்கள் பள்ளியின் தலைமையாசிரியர் அலஸ்டர் சிம். எடின்பரோவில் நிஜமாகவே பேச்சுக்கலை விரிவுரையாளராக இருந்தவர். துயரம் நிரம்பிய பெரிய கண்கள். வார்த்தையை வாயில் வைத்து ருசி பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார். மாணவிகளின் பெற்றோர்களும், வேறொரு ஆண்கள் பள்ளியின் நிர்வாகிகளும் ஒரே நாளில் பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்துவிடுகிறார்கள். ஒரு கூட்டத்தின் கண்ணில் மாணவிகள் படக்கூடாது, இன்னொரு கூட்டத்தின் கண்ணில் மாணவர்கள் படக்கூடாது. மணி அடிக்க அடிக்க வகுப்புகள் மாறுகின்றன, மைதானத்தில் கோல் கம்பங்கள்கூட மாறுகின்றன. நடுவில் இந்த இரண்டு பேரும் கௌரவம் குலையாமல் ஓடுகிறார்கள். போர்க்காலத்தில் பள்ளிகளும் குழந்தைகளும் இப்படித்தான் இடம் மாறி அலைந்தார்கள். பார்த்தவர்களுக்கு அது வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்காது.

அப்புறம் கேட்டி ஜான்சன். எனக்கு மிகவும் பிடித்தவர் என்பதால் கடைசியில் வைத்துக்கொண்டேன். 1878-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே மேடைக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் சினிமா. அதிலும் வேலைக்காரம்மா, யாரோ ஒருவரின் அத்தை என்று சின்னச் சின்ன வேடங்கள். இருபது வருஷத்துக்கும் மேல் இப்படியே போனது. எழுபத்தாறாவது வயதில், 1955-இல் வந்த 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில் கதையின் நடுநாயகமான வில்பர்ஃபோர்ஸ் அம்மாள் வேடம் அவருக்கு வந்தது. அதே வருஷம்தான் ஈலிங் ஸ்டூடியோ பிபிசிக்கு விற்கப்பட்டது.

லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் பாதைக்கு மேலே சாய்ந்து நிற்கும் ஒரு வீடு, அந்த அம்மாளுடையது. அங்கே அறை வாடகைக்கு எடுத்து, வயலின் வாசிக்கிறோம் என்று சொல்லிக் கிராமபோனை ஓடவிட்டு, ஐந்து பேர் கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார்கள். கின்னஸ், சிசில் பார்க்கர், ஹெர்பர்ட் லோம், இளைஞரான பீட்டர் செல்லர்ஸ், டேனி கிரீன். கொள்ளை முடிந்து கிளம்பும்போது செல்லோ என்ற பெரிய வயலினின் பெட்டி வார் கதவில் மாட்டி, பெட்டி திறந்து, அம்மாள் கண்ணெதிரே நோட்டு கொட்டுகிறது. அந்த நேரம் பார்த்து அவருடைய தோழிகள் தேநீருக்கு வந்துவிடுகிறார்கள். ஐந்து கொள்ளைக்காரர்களும் கோப்பையும் தட்டுமாக, கிழவிகள் நடுவே நிற்க வேண்டியதாகிறது. தப்பு செய்த பிள்ளைகளைப் பார்ப்பது போல அந்த அம்மாள் அவர்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு முன்னால் துப்பாக்கி செல்லாது. அந்த நடிப்புக்கு அவருக்குச் சிறந்த பிரிட்டிஷ் நடிகைக்கான பாஃப்டா விருது கிடைத்தது. இரண்டே வருஷத்தில் காலமானார்.

படத்தின் முடிவில் அவர் போலீஸ் நிலையத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்கிறார். யாரும் நம்பவில்லை. பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அன்பாக அனுப்பிவிடுகிறார்கள். வழக்கம்போலக் குடையை மறந்துவிட்டுக் கிளம்புகிறார். போலீஸ்காரர் ஓடிவந்து நீட்டுகிறார். அந்தக் குடை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, இனி எத்தனை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நடக்கிறார். தெருவோரத்தில் படம் வரைகிற ஏழைக்கு ஒரு நோட்டைப் போடுகிறார். அவர் திகைத்துப்போய்க் கூப்பிடக் கூப்பிட, திரும்பிப் பார்க்காமல் சின்னச் சின்ன அடி வைத்து வீட்டைப் பார்த்துப் போகிறார்.

நன்றி, வணக்கம்.