விஷ் யூ வேர் ஹியர்: இல்லாத ஒருவரைச் சுற்றி எழுந்த ஆல்பம்

[திரையில்: முழுக் கறுப்பு. கிட்டாரில் நான்கு ஸ்வரங்கள் மட்டும் ஒலிக்கின்றன.]

வணக்கம். பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் இருவர் சந்தித்தால் சீக்கிரமே ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' உயர்ந்ததா, 1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' உயர்ந்ததா? விற்பனையை வைத்துப் பேசினால் முதலாவதற்குப் பக்கத்தில்கூட இரண்டாவது வர முடியாது. ஆனால் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரும் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டும், தங்கள் ஆல்பங்களில் தங்களுக்கு மிகவும் பிடித்தது 'விஷ் யூ வேர் ஹியர்' என்றே சொல்லியிருக்கிறார்கள். என் கட்சியும் அதுதான்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'டார்க் சைட்' காலம், பணம், மரணம், புத்தி பேதலிப்பு என எல்லோருக்கும் பொதுவானவற்றைப் பாடுகிறது. 'விஷ் யூ வேர் ஹியர்' ஒருவர் அங்கே இல்லை என்பதைப் பாடுகிறது. அந்த இல்லாமை வரிகளில் மட்டும் இல்லை. கருவிகள் ஒலிக்கும் விதத்தில், பாடகரைத் தேர்ந்தெடுத்ததில், மேலட்டையில் என எங்கும் இருக்கிறது. அதைத்தான் இந்த வீடியோவில் ஒவ்வொன்றாகக் கேட்கப் போகிறோம்.

[திரையில்: 1967. நால்வர் இருக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம்.]

இல்லாத அந்த ஒருவர் சிட் பாரெட். கேம்பிரிட்ஜ்காரர். தொடக்க காலத்தில் குழுவின் பாடலாசிரியர், பாடகர், கிட்டார் கலைஞர், எல்லாம் அவரே. 'பிங்க் ஃபிளாய்ட்' என்ற பெயரே அவர் வைத்ததுதான். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களைச் சேர்த்து வைத்தார். 1967இல் வெளியான முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் அவருடையவை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய மனநிலை குலைந்துவிட்டது. மேடையில் நின்றுகொண்டு வாசிக்காமலே இருந்துவிடுவார். 1968இன் தொடக்கத்தில், அதே கேம்பிரிட்ஜில் வளர்ந்த நண்பர் கில்மோரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். சில மாதங்களில் பாரெட் வெளியேறினார். 1970இல் இரண்டு தனி ஆல்பங்கள் வந்தன. அவற்றை உருவாக்கக் கில்மோர் உள்ளிட்ட பழைய நண்பர்கள் உதவினார்கள். அதன் பிறகு அவர் இசையுலகத்தின் பக்கமே வரவில்லை என்று சொல்லலாம்.

இந்த இழப்பை மனத்தில் வைத்துக்கொண்டு 1973க்கு வாருங்கள். 'டார்க் சைட்' உலகமெங்கும் விற்றுத் தீர்கிறது. நால்வருக்கும் பணம், புகழ் எதற்கும் குறைவில்லை. அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. இசைக்கருவிகளே இல்லாமல், வீட்டில் கிடக்கும் பொருள்களை வைத்து ஓர் ஆல்பம் செய்யலாம் என்று முயன்றார்கள். ரப்பர் பேண்டை இழுத்து மீட்டினார்கள். ஈர விரலால் ஒயின் கோப்பைகளின் விளிம்பைத் தேய்த்து நாதம் எழுப்பினார்கள். பெரும் உழைப்புக்குப் பின் அதைக் கைவிட்டார்கள். அந்த ஒயின் கோப்பைகளின் ஒலி மட்டும் வீணாகவில்லை. 'விஷ் யூ வேர் ஹியர்' தொடங்கும்போது மூடுபனி போல மெல்ல எழுந்து வருகிறதே, அந்த நாதத்துக்குள் அது கலந்திருக்கிறது.

[திரையில்: ஒலி அலை வரைபடம், நேரக் காட்டியுடன்.]

இப்போது முதல் பாட்டுக்குள் போவோம். 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்'. ஒன்பது பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு. முதல் ஐந்து பகுதிகள் ஆல்பத்தைத் திறக்கின்றன, மீதி நான்கு மூடுகின்றன. ரைட்டின் கீபோர்டுகள் ஒரே சுருதியில் நின்று நிதானமாகப் பரவுகின்றன. கில்மோரின் கிட்டார் அதன் மேல் அவசரமே இல்லாமல் நடக்கிறது. தாளம் இல்லை, டிரம்ஸ் இல்லை. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு ஆலாபனை நினைவுக்கு வரும். நான்கு நிமிடம் நெருங்கும்போது எல்லாம் அடங்கி, வீடியோவின் தொடக்கத்தில் நீங்கள் கேட்ட அந்த நான்கு ஸ்வரங்கள் வருகின்றன.

அவற்றைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். மேற்கத்திய முறையில் பி ஃபிளாட், எஃப், ஜி, இ. பாட்டு ஜி மைனரில் இருக்கிறது. ஜி-யைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் அவை க, நி, ச, த. முதல் மூன்றும் எதிர்பார்த்தவைதான். மைனர் ஸ்கேல் என்பது நம் நடபைரவி ராகத்தின் ஸ்வரங்கள். ஆகவே நான்காவதாகச் சுத்த தைவதம் வரும் என்று காது காத்திருக்கிறது. வருவதோ சதுஸ்ருதி தைவதம். அரை ஸ்வரம் மேலே போய் நிற்கிறது. மற்ற மூன்று ஸ்வரங்கள் கட்டிய வீட்டில் அதற்கு இடமில்லை. கில்மோர் அதை அப்படியே காற்றில் தொங்கவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறார். துக்கத்தை இத்தனை சிக்கனமாகச் சொன்ன கிட்டார் வாசிப்பு வேறொன்றை நான் கேட்டதில்லை.

1974இன் தொடக்கத்தில் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் நடந்த ஒத்திகையில் கில்மோரின் விரல்களில் தற்செயலாக வந்து விழுந்தவை அவை. அவற்றைக் கேட்டதும் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான ரோஜர் வாட்டர்ஸுக்குப் பாரெட்டின் நினைவு எழுந்தது. அந்த நினைவிலிருந்து பாட்டு வளர்ந்தது. குரல் நுழையும்போது எட்டரை நிமிடம் தாண்டியிருக்கும். அத்தனை நேரம் காத்திருந்த பிறகு வாட்டர்ஸ் பாடும் முதல் வரி, நீ இளைஞனாக இருந்த நாள் நினைவிருக்கிறதா என்று அந்த நண்பனை நேரடியாகக் கேட்கிறது.

[திரையில்: அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தின் முகப்பு.]

ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சம்பவத்துக்கு வருகிறேன். 1975 ஜூன் மாதத்தில் ஒருநாள். லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் 'ஷைன் ஆன்' பாட்டின் மிக்ஸிங் வேலை, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை ஒன்றுசேர்க்கும் வேலை, நடக்கிறது. தடித்த உடம்பு, மழித்த தலை, மழித்த புருவம், இப்படி ஒருவர் உள்ளே வந்து நிற்கிறார். யாரோ ஊழியர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சற்று நேரம் கழித்துத்தான் அது சிட் பாரெட் என்று புரிகிறது. அவருக்கு அப்போது 29 வயது. வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

இந்தச் சந்திப்புதான் பாட்டைப் பிறப்பித்தது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. 1974லேயே மேடைகளில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். உண்மை அதைவிடக் கனமானது என்பேன். ஆண்டுக்கணக்கில் ஒருவரை நினைத்து ஏங்கி ஒரு பாட்டு செய்து, அது முடியும் தறுவாயில் அவரே எதிரில் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியாமல் போகிறது. பாடப்பட்ட சிட் வேறு, அறையில் நின்ற சிட் வேறு.

அடுத்த இரண்டு பாடல்களை வேகமாகக் கடக்கிறேன். அவை நன்றாகவே இருக்கின்றன, ஆனால் ஆல்பத்தின் உயிர் அவற்றில் இல்லை. 'வெல்கம் டு தி மெஷின்' சிந்தசைசரின் துடிப்பால் ஓர் ஆலையையே கட்டி எழுப்புகிறது. அதற்குள் விழும் இளம் கலைஞனைப் பற்றிய பாட்டு அது. 'ஹாவ் எ சிகார்' இசைத்தட்டு நிறுவன அதிகாரி ஒருவர் பேசுவதுபோல எழுதப்பட்டது. உங்களில் பிங்க் யார் என்று அவர் கேட்பார். வாட்டர்ஸின் குரல் களைத்திருந்தது, கில்மோருக்குப் பாட விருப்பமில்லை. அதே கூடத்தில் தன் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்த நண்பர் ராய் ஹார்ப்பர் வந்து பாடினார். பின்னாளில் வாட்டர்ஸ் இதற்காக வருந்தினார். ரசிகர்களிலும் இந்தப் பாட்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் ஹார்ப்பர் பக்கம். குழுவின் பெயரைக்கூடச் சரியாக அறியாத ஓர் அதிகாரியின் வாய்மொழி, குழுவில் இல்லாத ஒருவர் குரலில் வருவதே பொருத்தம்.

அந்தப் பாட்டு முடியும் விதத்தைக் கவனியுங்கள். முழு வீச்சில் ஒலிக்கும் குழு ஒரே நொடியில் சுருங்கி, சின்ன வானொலிப் பெட்டிக்குள் போய்விடுகிறது.

[திரையில்: வானொலியின் அலைவரிசை முள் நகர்கிறது.]

யாரோ வானொலியின் குமிழைத் திருகுகிறார். பேச்சுக் குரல்கள் வருகின்றன. சாய்கோவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனியிலிருந்து ஒரு துணுக்கு வந்து மறைகிறது. இவையெல்லாம் கில்மோரின் கார் வானொலியிலிருந்து பதிவு செய்தவை. பிறகு பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒன்று, தூரத்து நிலையம் ஒன்றிலிருந்து வருவதுபோல் மெலிந்து ஒலிக்கிறது. இங்கேதான் தலைப்புப் பாடல் தொடங்குகிறது. சற்று நேரத்தில் இன்னொரு கிட்டார் சேர்கிறது. இது வானொலியில் இல்லை, அறையில் இருக்கிறது. விரல் தந்தியில் உரசுவது கேட்கிறது, வாசிப்பவர் இருமுவதும் மூச்சை இழுப்பதும்கூடக் கேட்கிறது. தன் அறையில் உட்கார்ந்து வானொலியுடன் சேர்ந்து வாசிக்கும் ஒருவர் என்பதுதான் இந்த அமைப்பின் பின்னால் இருந்த எண்ணம். இரண்டையும் வாசித்தவர் கில்மோர். ஒரு கிட்டார் எட்டாத தொலைவில், இன்னொன்று கைக்கெட்டும் இடத்தில். 'நீ இங்கே இருந்திருக்கலாம்' என்று குரல் சொல்வதற்கு முன்பே இரண்டு கிட்டார்களும் அதைச் சொல்லிவிட்டன.

இதே பாட்டில் இன்னொருவரும் இருந்தார். ஜாஸ் வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெல்லி. வயலின் கலைஞர் யெஹூதி மெனுஹினுடன் இசைப்பதிவுக்காக அவர் அதே கட்டடத்துக்கு வந்திருந்தார். இந்தப் பாட்டுக்கு வயலின் வாசித்துக் கொடுத்தார். இறுதி மிக்ஸிங்கில் அது ஏறக்குறைய முழுதும் அமுங்கிப்போனது. பாட்டின் முடிவில் காற்று வீசும் ஒலிக்கு அடியில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் மட்டுமே தட்டுப்படும்.

காற்று ஓயாமல் அப்படியே 'ஷைன் ஆன்' பாட்டின் இரண்டாம் பாதிக்குள் நம்மைக் கொண்டுபோகிறது. கடைசிப் பகுதி ரிச்சர்ட் ரைட் தனியாக எழுதியது. மெதுவாக நடக்கும் இறுதி ஊர்வலம்போன்ற நடை. ஒலி தேய்ந்து மறையும் கடைசி நொடிகளில் ரைட் சிந்தசைசரில் ஒரு பழைய மெட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார். அது 1967இல் பாரெட் எழுதிய 'சீ எமிலி ப்ளே' பாட்டின் மெட்டு. ஆல்பம் முழுக்கப் பாரெட்டின் பெயரை யாரும் சொல்வதில்லை. அவர் உருவாக்கிய மெட்டு மட்டும் வாசல்வரை வந்து நிற்கிறது. ரைட்டை எளிதில் மறந்துவிடுகிற ரசிகர்கள் இந்தச் சில நொடிகளைக் கேட்க வேண்டும்.

[திரையில்: கைகுலுக்கும் இருவர். ஒருவர் உடையில் தீ.]

இசையில் செய்ததையே ஹிப்னோசிஸ் வடிவமைப்பு நிறுவனத்தின் ஸ்டார்ம் தார்கர்சன் மேலட்டையில் செய்தார். கோட்டு சூட்டு அணிந்த இருவர் கைகுலுக்குகிறார்கள், ஒருவர் எரிந்துகொண்டிருக்கிறார். இது ஒட்டுப்படம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் அருகே பர்பேங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ வளாகத்தில், ரானி ராண்டெல் என்ற சண்டைக் காட்சிக் கலைஞருக்கு உண்மையாகவே தீ வைத்து எடுத்த படம். தீத்தடுப்பு உடைக்கு மேல் சூட்டு, தலைக்கவசத்துக்கு மேல் செயற்கை முடி. காற்று தவறான திசையில் வீசித் தீயை முகத்தின் பக்கம் தள்ள, அவருடைய மீசை கருகியது. பிறகு இருவரும் இடம் மாறி நின்றார்கள், படத்தை அச்சில் இடம் வலமாகத் திருப்பிக்கொண்டார்கள்.

இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தை மறைத்தே விற்றார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இசைத்தட்டு ஒளிபுகாத கறுப்பு உறைக்குள் கடைக்கு வந்தது. மேலே இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்ளும் ஒரு ஸ்டிக்கர் மட்டும். இல்லாமையைப் பற்றிய ஆல்பத்துக்கு மேலட்டையும் இல்லாமல் இருக்கட்டும் என்றார் தார்கர்சன். இசைத்தட்டு நிறுவனத்துக்கு இது பிடித்திருக்காது என்று சொல்லத் தேவையில்லை.

அன்றைய விமர்சகர்களில் பலருக்கு ஆல்பமே பிடிக்கவில்லை. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை உற்சாகமின்மையைக் குறை சொன்னது. அந்தச் சோர்வு இசையில் இருப்பது உண்மை. நால்வரும் ஒருவரை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல், வேலையில் மனம் ஒட்டாமல் கூடத்துக்கு வந்துபோன மாதங்கள் அவை. உடம்பால் வந்தாலும் மனத்தால் இல்லாதவர்கள் தாங்களும்தான் என்பதை வாட்டர்ஸ் புரிந்துகொண்டு அதையே கருப்பொருளாக்கினார். அதனால் அந்த விமர்சனத்தை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. 1975இன் 44 நிமிட ஆல்பத்தை முதலில் இடைவெளி இல்லாமல் கேளுங்கள். நடுவில் பாட்டுகளைத் தாண்டிப் போகாதீர்கள், வரிசை மாற்றி ஓடவிடாதீர்கள். பிறகு 2011இல் வந்த விரிவான பதிப்பைத் தேடுங்கள். கிராப்பெல்லியின் வயலின் முழுதாகக் கேட்கும் தலைப்புப் பாடல் அதில் இருக்கிறது. ஹார்ப்பர் இல்லாத 'ஹாவ் எ சிகார்' இருக்கிறது. கைவிட்ட திட்டத்தின் ஒயின் கோப்பைகளும் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. 1974 மேடைகளில் 'ஷைன் ஆன்' பாட்டோடு வேறு இரண்டு நீண்ட பாடல்களையும் குழு பாடிக்கொண்டிருந்தது. ஆல்பம் இந்த மூன்றும் மட்டுமாக இருக்கட்டும் என்றார் கில்மோர். 'ஷைன் ஆன்' பாட்டை இரண்டாக வெட்டி, மற்ற இரண்டையும் தள்ளிவைத்து, நடுவில் புதிதாக எழுதுவோம் என்றார் வாட்டர்ஸ். மற்ற இருவரும் வாட்டர்ஸ் பக்கம் நின்றார்கள். ஒதுக்கப்பட்ட இரண்டும் பெயர் மாறி 1977இன் 'அனிமல்ஸ்' ஆல்பத்துக்குப் போயின. கில்மோர் விரும்பிய அந்த மூன்று பாடல்களும், 1974இல் வெம்ப்லி மேடையில் பாடியபடியே, 2011 பதிப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. கேட்டுவிட்டு, யார் சொன்னது சரி என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கில்மோர் என் கண்ணில் எத்தனை பெரிய கலைஞராக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு வாட்டர்ஸுக்குத்தான்.