ஜோடிப் பத்தும் வரப்போகும் ராஜாவும்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் போய்ச் சீட்டாட்டம் பேசுவதா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் காசு வைத்து ஆடியவன் இல்லை. சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை எனக்கு. இரவு வாட்ச் முடிந்தால் தூக்கம் வராது. சமையல்கட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை வாங்கிவந்து, அதைத்தான் பணமாக வைத்து போக்கர் ஆடுவோம். இணையத்தில் காசு கட்டி ஆடும் ஆட்டங்களை 2025இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. நல்லது. கொண்டைக்கடலைக்குத் தடை இல்லை.

ரம்மி தெரியாத வீடு நம் பக்கம் குறைவு. ரம்மியில் ஒரு சீட்டைக் கீழே போடும் முன் கை ஒரு நொடி தயங்கும் பாருங்கள், அடுத்த ஆள் எடுத்துக்கொள்வானோ என்று? நான் பேச வந்தது அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான்.

போக்கரில் உங்கள் கையில் மறைவாக இரண்டே சீட்டு. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதலில் மூன்று சேர்ந்து விழும், அது ஃப்ளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் கட்டலாம், அதாவது கடலையை நடுவில் வைக்கலாம். கட்ட மனமில்லை, முன்னால் யாரும் கட்டவும் இல்லை என்றால் மேசையை விரலால் தட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம், அது செக். இவ்வளவு தெரிந்தால் இன்றைக்குப் போதும்.

இப்போது உங்கள் கையில் இரண்டு பத்து. மேசையில் எட்டு, ஐந்து, இரண்டு. எதிரே ஒரே ஆள். இப்போதைக்கு நீங்கள்தான் மேலே இருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் இது உறுதியான கை இல்லை. ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்று உங்கள் பத்தைவிடப் பெரியவை 16 சீட்டு. அதில் ஒன்று விழுந்து, எதிராளி கையிலும் அதே சீட்டு இருந்தால் அவர் ஜோடி உங்கள் ஜோடியைவிடப் பெரிது. நீங்கள் பார்க்காதவை 47. அடுத்து விழுவது அந்தப் பதினாறில் ஒன்றாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. டர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்தால் பாதிக்கும் மேல்.

கப்பலில் சேர்ந்த புதிதில் எனக்கு இதே கை வந்தது. எதிரே எங்கள் போசன், அதாவது கப்பல் தள ஆட்களின் தலைவர், பிலிப்பைன்ஸ்காரர். கயிறு இழுக்கிற கை அவருக்கு, சீட்டு அதற்குள் தபால்தலை மாதிரி இருக்கும். நான் தந்திரசாலி ஆயிற்றே! பதுங்கிப் பாய்வோம் என்று மேசையைத் தட்டினேன். அவரும் தட்டினார். டர்னில் ராஜா. அப்போதுதான் எனக்குப் பயம் வந்து அள்ளி வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே அதற்கு மேல் வைத்தார். ராஜாவும் ராணியும் அவர் கையில். என் கிண்ணத்தில் மிஞ்சியது ஆறு கடலை. அதையும் அன்றிரவே தின்றுவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ளாப்பில் நான்தான் மேலே. அவருக்கு உதவக்கூடியவை மூன்று ராஜா, மூன்று ராணி, ஆறே சீட்டு. அடுத்த இரண்டு சீட்டையும் சும்மா காட்டினால் நாலில் ஒரு தரம் அவர் ஜெயிப்பார். நடுவில் 12 கடலை இருந்தது. அதில் மூன்று கடலை மதிப்பை நான் இனாமாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அங்கேயே எட்டு கடலை வைத்திருந்தால்? அவர் ஒதுங்கினால் அந்த மூன்றும் எனக்கு. ஒதுங்காமல் வந்தாலும் எனக்கு லாபம்தான், குறைந்த வாய்ப்புக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். இனாம் சீட்டு கொடுக்காதே. இதைச் சொல்லிச் சொல்லியே நான் கப்பலில் கெட்டபேர் வாங்கினேன். இப்போது மறுபடி சொல்கிறேன், இனாம் சீட்டு கொடுக்காதீர்கள்.

இது பெரிய மேசையிலும் நடந்திருக்கிறது. 2003ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸ், போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி. 839 பேர் ஆடி, கடைசியில் இரண்டே பேர். ஒருவர் கிறிஸ் மணிமேக்கர். பெயரே அப்படித்தான், நான் வைக்கவில்லை. டென்னசியில் கணக்குப்பிள்ளை வேலை, இணையத்தில் சின்னப் போட்டி ஜெயித்து இடம் பிடித்தவர். எதிரே சாமி ஃபர்ஹா, லெபனானில் பிறந்தவர், பழுத்த ஆட்டக்காரர்.

ஃபர்ஹா கையில் ராணியும் ஒன்பதும். மணிமேக்கர் கையில் இஸ்பேட் ராஜாவும் ஓர் ஏழும். ஃப்ளாப்பில் இஸ்பேட் ஒன்பது, ஓர் இரண்டு, இஸ்பேட் ஆறு. ஃபர்ஹாவுக்கு ஒன்பதில் ஒரு ஜோடி. என் ஜோடிப் பத்து மாதிரியே, இப்போது மேலே, நாளைக்குத் தெரியாது. எதிராளி முன்பே ஏற்றியவர், அவரே கட்டட்டும் என்று எண்ணினாரோ என்னவோ, ஃபர்ஹா தட்டினார். மணிமேக்கரும் தட்டினார். டர்னில் இஸ்பேட் எட்டு. ஒன்றுமில்லாத மணிமேக்கர் கைக்கு உயிர் வந்துவிட்டது. ஐந்து சீட்டு வரிசைக்கும் ஒரு சீட்டு பாக்கி, ஒரே இனமாக ஐந்து இஸ்பேட் சேரவும் ஒரு சீட்டு பாக்கி. ஃபர்ஹா மூன்று லட்சம் சிப் வைத்தார், மணிமேக்கர் எட்டு லட்சமாக ஏற்றினார். ரிவரில் வந்தது உதவாத மூன்று. மணிமேக்கர் வெறுங்கையோடு இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா வெகுநேரம் யோசித்தார். நீ எதிர்பார்த்த இஸ்பேட் வரவில்லைதானே என்று வாய்விட்டே கேட்டார். சரியாகத்தான் கேட்டார்! கேட்டுவிட்டு, ஜெயிக்கிற கையைக் கீழே போட்டார்.

அந்த ஏமாற்றை உலகமே கொண்டாடியது. எனக்கென்னவோ கண் ஃப்ளாப்பில் தட்டிய அந்த விரல்மேலேயே நிற்கிறது. அங்கே கட்டியிருந்தால் அந்த எட்டை மணிமேக்கர் காசு கொடுத்துத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் கட்டிக்கொண்டே போகலாமா என்றால், இல்லை. அன்றைய கடைசி ஆட்டத்தில் ஃபர்ஹா தட்டவில்லை. மேசையில் ஜாக்கி, ஐந்து, நாலு. ஜாக்கி ஜோடியோடு ஃப்ளாப்பிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டார். மணிமேக்கர் கையில் ஐந்தும் நாலும், ஏற்கெனவே இரண்டு ஜோடி. 25 லட்சம் டாலர் முதல் பரிசு மணிமேக்கருக்குப் போனது. எதிராளி தைரியமாக ஏற்றுகிறார் என்றால் என் பயம் பலித்துவிட்டதோ என்று நான் கேட்டுக்கொள்வேன். கட்டும் முன்பும் ஒரு கேள்வி: என்னைவிடத் தாழ்ந்த எந்தக் கை இதற்குக் கடலை கொடுக்கும்? பத்து ஜோடிக்கு ஃப்ளாப்பில் எட்டு ஜோடிக்காரர் கொடுப்பார், அரைகுறை வரிசைக்காரர் கொடுப்பார். டர்னில் ராஜா விழுந்த பிறகு கொடுப்பவர் குறைவு. அங்கே நான் தட்டிவிடுவேன். அன்று செய்தது தலைகீழ்: கட்ட வேண்டிய இடத்தில் தட்டினேன், தட்ட வேண்டிய இடத்தில் கட்டினேன்.

ரிவரில் பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. கையைக் காப்பாற்றக் கட்டுகிறேன் என்பார்கள். எதிலிருந்து? இனி வரச் சீட்டே இல்லையே ஐயா! மழை நின்ற பிறகு குடை விரிப்பதுபோல. ஏமாற்று ஆட்டத்தை விட்டுவிட்டால், அங்கே கட்டுவது தாழ்ந்த கை கொடுக்கும் என்பதற்காக மட்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். எதிரே மூன்று நாலு பேர் இருந்தால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு சீட்டு உதவும் என்றால், கூட்டிப் பார்த்தால் பாதிக் கட்டு வரைகூட உங்களுக்கு எதிரி ஆகலாம். ஃப்ளாப்பில் ஒரு முறை கனமாகக் கட்டுவேன். இரண்டு பேர் பின்னாலேயே வந்தால் டர்னில் கை நீட்டமாட்டேன். கடைசியாகப் பேசும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இது கொஞ்சம் மாறும், அதைச் சொல்ல நேரம் இல்லை. வணக்கம்.