ஊசிக்குப் பயந்தவங்களப் பத்தி கொஞ்சம் பேசணும்

எல்லாருக்கும் வணக்கம். கொரோனா காலத்துல தடுப்பூசி போட்டுக்கிட்ட அனுபவத்தப் பத்திப் பேசுங்க டீச்சர்னு வாசகர் வட்டத்துல சொன்னாங்க. என் அனுபவம் ரொம்ப சின்னது, அத முதல்ல சொல்லி முடிச்சிடறேன். 45 வயசுக்கு மேல யாரு வேணாலும் போட்டுக்கலாம்னு 2021 ஏப்ரல் 1ல இருந்து சொன்னாங்க, எனக்கு அப்ப 47, முதல் வாரத்துலயே போய் கோவிஷீல்டு போட்டுக்கிட்டேன். ஊசி குத்துனதே தெரியல. ராத்திரி பத்து மணிக்கு மேல நடுக்கம் எடுத்துச்சு பாருங்க, சித்திரை வெயில் வரப்போற நேரத்துல ரெண்டு போர்வை போத்திப் படுத்தேன், பாராசிட்டமால் போட்டு விடியறப்போதான் வேர்த்துச்சு. காலைல கைய தூக்கி கொண்டை போட முடியல. ரெண்டாம் நாள் சரியாப் போச்சு. அவ்வளவுதான்.

நான் பேச வந்தது போட்டுக்காம இருந்தவங்களப் பத்தி. எங்க வீட்டுலயே ரெண்டு பேர். ஒருத்தர் என் தாய்மாமா, 61 வயசு. இன்னொருத்தவங்க எங்க அம்மா, 68 வயசு, சுகரும் பிரஷரும் உண்டு. 60 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு மார்ச் 1ல இருந்தே போட ஆரம்பிச்சிட்டாங்க, அதாவது எனக்கு முன்னாடியே அவங்க ரெண்டு பேரும் போட்டிருக்கலாம். மாமா ஏப்ரல் நடுவுல போலாம்னுதான் இருந்தாரு, ஆதார் கார்டு எல்லாம் எடுத்து வச்சிருந்தாரு. அப்பதான் நடிகர் விவேக் இறந்த செய்தி வந்துச்சு.

ஏப்ரல் 15ந்தேதி அவரு சென்னைல ஓமந்தூரார் அரசு மருத்துவமனைல போய் ஊசி போட்டுக்கிட்டு, எல்லாரும் போட்டுக்கங்கன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொன்னாரு. மறுநாள் மாரடைப்பு, 17ந்தேதி விடியக்காலைல போயிட்டாரு. இதயத்துக்குப் போற முக்கியமான ரத்தக்குழாய்ல அடைப்புன்னு டாக்டர்கள் அன்னைக்கே சொன்னாங்க, ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு மத்திய அரசோட நிபுணர் குழுவும் ஆராய்ஞ்சு சொல்லுச்சு, ஆனா அந்த அறிக்கை வெளிய வர அக்டோபர் ஆயிடுச்சு. ஆறு மாசம். அந்த ஆறு மாசத்துல எங்க ஊர்ல எத்தன டீக்கடை பேச்சு, எத்தன வாட்ஸ்அப். ஊருக்கு நல்லது சொல்லணும்னு முன்வந்த ஒரு மனுசன், அவரு சாவே அதுக்கு எதிரா நின்னுருச்சேன்னு நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஆறல.

மாமா போன்ல சொன்னாரு, கொஞ்ச நாள் பாத்துட்டுப் போட்டுக்கறேன்மான்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பஸ் டிப்போல முப்பது வருசம் வேலை பாத்தவரு, பேப்பர் படிக்கறவரு, நீங்களே இப்படிப் பட்டிக்காடு மாதிரி பேசலாமா"ன்னு கத்தினேன். அவரு ஒன்னும் சொல்லல, "சரிம்மா வைக்கிறேன்"னாரு. அதுக்கப்புறம் ஊசியப் பத்தி என்கிட்ட அவரு பேசவே இல்ல.

மே மாசம் உங்களுக்கே ஞாபகம் இருக்கும். மே 21ந்தேதி ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 36 ஆயிரத்துக்கு மேல கேஸ். அந்த வாரம்தான் மாமாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ்லயே காத்திருந்து, ஆக்சிஜன் படுக்கை கெடச்சு, ஆறாம் நாள் போயிட்டாரு. பிளாஸ்டிக் பையில சுத்தித் தூரத்துல இருந்து காட்டினாங்க. ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பாருன்னு உறுதியா சொல்ல எனக்குத் தெரியாது, ஒரு ஊசி போட்டு ரெண்டு மூணு வாரம் ஆனாத்தான் உடம்புல எதிர்ப்பு சக்தி வளர ஆரம்பிக்கும். ஆனா உயிர் போற அளவுக்குப் போகாம தடுக்கத்தான அந்த ஊசியே. நான் அன்னைக்குக் கத்தாம, ஒரு பஸ் ஏறிப் போய் பக்கத்துல உக்காந்து பேசியிருக்கலாம். இத நான் மேடைல சொல்றது இதான் முதல் தடவ.

இதுக்கப்புறமாவது அம்மா போட்டுக்குவாங்கன்னு நெனச்சோம். தம்பியே போயிட்டான், நான் மட்டும் எதுக்குன்னுட்டாங்க. ஜூன் போச்சு, ஜூலை, ஆகஸ்ட் போச்சு. இது போதாதுன்னு கோவிஷீல்டு ரெண்டு டோசுக்கு உள்ள இடைவெளி வேற அதுக்கு முன்னாடியே மாறிக்கிட்டே இருந்துச்சு, முதல்ல நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம்னாங்க, மார்ச்ல ஆறுல இருந்து எட்டு, மே 13ல பன்னெண்டுல இருந்து பதினாறு வாரம். இடைவெளி கூடுனா எதிர்ப்பு சக்தி நல்லா வருதுங்கறது காரணம், ஆனா எங்க தெருவுல "மருந்து இல்ல, அதான் தள்ளிப் போடுறானுக"ன்னுதான் பேச்சு. மருந்துத் தட்டுப்பாடும் நெசம்தானே, சனங்கள எப்படிக் கொற சொல்றது?

செப்டம்பர்ல எங்க ஊரு கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தாங்க. என் ரெண்டு பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்துல இருந்து எல்லா ஊசியும் போட்டவங்க, இருபது வருசமா எங்க தெருவுக்கு வர்றவங்க. வந்து திண்ணைல உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, கால் மணி நேரம் ஊசியப் பத்திப் பேசவே இல்ல. மாமாவப் பத்திக் கேட்டாங்க. எப்படிப் போனாரு, கடைசியா என்ன சாப்பிட்டாரு, சின்ன வயசுல ரெண்டு பேரும் எப்படி இருந்தீங்கன்னு. அம்மா அழுதாங்க. மே மாசத்துல இருந்து அழாதவங்க. அப்புறம்தான் கேட்டாங்க, "ஆத்தா, ஊசின்னா உங்களுக்கு என்ன பயம்?"னு.

அம்மா சொன்னத நான் உள்ள இருந்து கேட்டேன். "எனக்கு சாகறதுக்கு என்ன பயம் நர்சம்மா. இவ போடு போடுன்னு சண்ட போடுறா. போட்டு எனக்கு ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா, நீதானடி கூட்டிட்டுப் போனன்னு ஊரே இவளப் பேசும். காலம் பூரா இவ அத சுமக்கணுமே."

அஞ்சு மாசமா நான் எங்க அம்மாவுக்கு சயின்ஸ் சொல்லிக்கிட்டு இருந்தேன். கோவிஷீல்டுல சிம்பன்சிக்கு சளி பிடிக்க வைக்கற ஒரு வைரஸ எடுத்து, பெருகாதபடி மாத்தி, அதுல கொரோனாவோட முள்ளு மாதிரி புரதத்துக்கான குறிப்ப மட்டும் வச்சு அனுப்பறாங்க, கோவாக்சின்ல செத்த வைரஸுன்னு படம் போட்டுக்கூடக் காட்டினேன். ஆனா என்ன பயம்னு ஒரு தடவகூட கேக்கல. நர்சம்மா சொன்னாங்க, "போடப்போறது நான் ஆத்தா. பழி வந்தா என் மேல வரட்டும், ஞாயித்துக்கிழமை ஸ்கூலுக்கு வாங்க."

செப்டம்பர் 12, தமிழ்நாடு முழுக்க மெகா கேம்ப் போட்ட முதல் ஞாயிறு. கூட்டம் குறையட்டும்னு நாங்க சாயங்காலமாத்தான் போனோம். வரிசைல அம்மாவோட சேத்து ஏழு பேர், ஆனா ஊசி போடல, உக்கார வச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா, ஒரு குப்பில பத்து பேருக்கு மருந்து, ஒரு ஆளுக்கு அரை மில்லி, தொறந்துட்டா நாலு மணி நேரத்துல போட்டு முடிக்கணும், இல்லன்னா மிச்சத்தக் கீழதான் கொட்டணும். இன்னும் மூணு பேர் வந்தா ஒடைக்கிறேன்னாங்க நர்சம்மா. நீல கலர் பெட்டி, சுத்தி ஐஸ் பேக், நடுவுல சுண்டு விரல் உசரத்துக்கு அந்தக் குப்பி. அம்மா எட்டிப் பாத்துட்டு, "இத்தனூண்டுல பத்து பேரா"ன்னாங்க. அப்புறம் சேலைய இழுத்து சொருகிக்கிட்டு விறுவிறுன்னு வெளிய போனாங்க. சரிதான், வீட்டுக்குக் கெளம்பிட்டாங்கன்னு நெனச்சேன். இருபது நிமிசத்துல மூணு பேரோட வந்தாங்க, அதுல ஒருத்தி "நீ போட்டா நானும் போடுறேன்"னு அம்மாகிட்ட மூணு மாசமா சொல்லிக்கிட்டு இருந்தவளாம். மருந்து கொட்டிப் போயிருமேங்கற பதட்டம் அவங்களுக்கு. ஒரு பருக்கை சோறு கீழ சிந்த விடாத கை அது.

அம்மாவோட இடது கைல ரூபா காசு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கு, சின்ன வயசுல பெரியம்மைக்கு குத்துனது. அம்மை குத்த ஆள் வந்தா புள்ளைங்கள வைக்கோல்போர்ல ஒளிச்சு வைப்பாங்களாம். நர்சம்மா அந்தத் தழும்புக்குக் கொஞ்சம் மேல பஞ்சால தொடச்சிக்கிட்டே, "இதுக்கு ஒளியலயா ஆத்தா"ன்னாங்க. "ஒளிஞ்சேன், எங்கப்பாதான் இழுத்துட்டு வந்தாரு"ன்னு அம்மா சொல்லி முடிக்கல, ஊசி போட்டாச்சு. 1975க்கு அப்புறம் இந்தியாவுல பெரியம்மை இல்ல, அந்தத் தழும்பு உள்ள கடைசித் தலைமுறைகள்ல இவங்களும் ஒன்னு.

2024ல ஆஸ்ட்ராஜெனகா கம்பெனி லண்டன் கோர்ட்டுல, தன்னோட கொரோனா ஊசியால ரொம்ப அரிதா ரத்தம் உறையலாம்னு ஒத்துக்கிட்டதா செய்தி வந்தப்போ அம்மா திரும்பக் கேட்டாங்க, நமக்கு போட்டது அதானேன்னு. அதேதான், ஆஸ்ட்ராஜெனகா ஊசியத்தான் இங்க கோவிஷீல்டுங்கற பேருல போட்டாங்க. இந்த தடவ நான் கத்தல. பக்கத்துல உக்காந்து எடுத்துச் சொன்னேன், இது 2021லயே தெரிஞ்ச விசயம், பத்து லட்சம் டோசுக்கு 0.61 பேருக்கு, அதாவது ஒருத்தருக்கும் கொறவுன்னு இந்திய அரசே அந்த மே மாசம் கணக்கு வெளியிட்டுச்சு, வந்தா ஊசி போட்ட சில வாரத்துக்குள்ள வர்றது, மூணு வருசம் கழிச்சு வர்றது இல்லன்னு. அன்னைக்கே ஊர் ஊரா மைக் வச்சு இத சொல்லியிருக்கணும்ங்கறது என் ஆதங்கம். மறைச்சாங்கன்னு தோணிட்டா அப்புறம் உண்மையச் சொன்னாலும் எவன் நம்புவான்?

அம்மாவுக்கு ரெண்டாவது டோஸ் 84 நாள் கழிச்சு டிசம்பர்ல. அன்னைக்கு அம்மா தனியா வரல, மாமா போனதுல இருந்து வாசப்படி தாண்டாத எங்க அத்தையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அத்தைக்கு அது முதல் டோஸ். பதிவு பண்ற பொண்ணு போன் நம்பர் கேட்டுச்சு, அத்தைக்குத் தெரிஞ்ச ஒரே நம்பர் மாமா நம்பர், அதச் சொன்னாங்க. ஊசி போட்டு அரை மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தோம். அத்தையோட மஞ்சப்பைக்குள்ள இருந்து டிங்குன்னு ஒரு சத்தம். ஆறு மாசமா தெனமும் சார்ஜ் போட்டு வச்சிருந்திருக்காங்க அந்த போன. எடுத்து என்கிட்ட நீட்டி, "என்னன்னு படிச்சு சொல்லும்மா"ன்னாங்க. அத்தை பேரப் போட்டு, முதல் டோஸ் வெற்றிகரமா போடப்பட்டதுன்னு மாமா போனுக்கு மெசேஜ் வந்திருந்துச்சு. படிச்சுக் காட்டினேன். இன்னொரு தடவ படின்னாங்க, படிச்சேன்.