பாஸ்புக்கில் நின்றுபோன வரவு

நேயர்களுக்கு வணக்கமுங்க. பல்லடம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் நான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். தேர்வைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மத்திய அரசு 2008-இல் தொடங்கிய உதவித்தொகை இது. தேர்வானால் ஒன்பதாவது முதல் பிளஸ் டூ வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. மனத்திறனில் 90 கேள்வி, பாடங்களில் 90 கேள்வி. அந்த 180 கேள்விக்காகச் சனிக்கிழமையும் வகுப்பு வைக்கிறோம். பள்ளி மதிப்பெண்ணைத்தான் மறந்துவிடுகிறோம்.

தேர்வு எழுதவே ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. "ஏழாவதுதானே, எப்படியும் பாஸ் போட்டுருவாங்க" என்று விட்டால், எட்டாவதில் விண்ணப்பமே போட முடியாது.

அதைவிடப் பெரிய கண்டம் பத்தாம் வகுப்பு. அங்கே 60 சதவீதம், அதாவது 500-க்கு 300 எடுத்தால்தான் பிளஸ் ஒன்னில் பணம் தொடரும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 275. ஒன்பதாவதிலும் பிளஸ் ஒன்னிலும் முதல் தடவையிலேயே தேறிவிட வேண்டும்.

என்னிடம் படித்த ஒரு பெண். வீட்டில் விசைத்தறி, கூலிக்கு நெசவு. எட்டாவதில் தேர்வாகி இரண்டு வருடம் பணம் வாங்கினாள். பத்தாவது பரீட்சை நேரத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. தறிக்கு நூல் தார் சுற்றுவதும் சமையலும் இவள் தலையில் விழுந்தது. 287 எடுத்தாள். பாஸ் என்றதும் தெருவுக்கே சாக்லேட் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு நாள் அப்பா பாஸ்புக்கோடு வந்தார். "ஏனுங்க டீச்சர், இந்த வருசம் பணம் ஏறலீங்களே?" பதின்மூன்று மதிப்பெண்ணில் 24,000 ரூபாய் போயிற்று. 300 என்று ஒரு கணக்கு இருப்பதை நாங்கள் யாருமே அந்த வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அது எங்கள் தவறு. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

தெரிந்திருந்தால் அந்த ஒரு மாதம் வேறு ஆள் வைத்துத் தறியைப் பார்த்திருப்போம் என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

இன்னொன்றுங்க. பத்தாவது முடிந்ததும் நாமக்கல் பக்கம் தனியார் பள்ளியில் சேர்க்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அரசுப் பள்ளியையோ அரசு உதவி பெறும் பள்ளியையோ விட்டுப் போனால் இந்தப் பணமும் நின்றுவிடும். கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள். ஒவ்வொரு வருடமும் இணையதளத்தில் புதுப்பிக்கவும் வேண்டும், தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணின் தம்பி இப்போது எட்டாவது. அவனுடைய ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணை அப்பா தறிக்குடோன் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே 300 என்று எழுதி, வட்டம் போட்டிருக்கிறார்.