வாடிய பூவும் இமைத்த கண்ணும்

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

மனிதரல்லாத பிறவிகள் ஒன்றாகத் தங்கிப் படிக்கும் பள்ளியைக் களமாகக் கொண்டு மாயமும் காதலும் கலந்து எழுதப்படும் நாவல்களை, எங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவியர் மிகுந்த ஆர்வத்துடன் வாசித்து வருகிறார்கள். அவர்களுள் ஒருவர், இத்தகைய நாவலைத் தமிழில் இயல்பாக எழுத முடியுமா என்று அண்மையில் என்னைக் கேட்டார். முடியும் என்பதே என் உறுதியான எண்ணம். அதற்குப் பனி மூடிய கோட்டையும் இரத்தம் குடிக்கும் பிரபுவும் நமக்குத் தேவையில்லை.

நம் காதல் இலக்கணம் தொடங்குவதே, எதிரே நிற்பவள் மானிடப் பெண்தானா என்ற ஐயத்தில்தான். காமத்துப்பாலின் முதற்குறளில் தலைவனின் நெஞ்சம், இவள் அணங்கோ, மயிலோ, மங்கையோ என்று மயங்குகிறது. அந்த ஐயத்தைக் களையும் அடையாளங்களைத் தொல்காப்பியக் களவியல் அடுக்கிச் சொல்கிறது. வண்டும் பூவும் இமைப்பும் அச்சமும் அவற்றுள் அடங்கும். தெய்வ மகளிரின் கண் இமைக்காது, அவர்கள் சூடிய பூ வாடாது என்பது நம் மரபின் நம்பிக்கை.

இப்போது, எவருமே இமைக்காத ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். யட்சிணி குலத்து மாணவி ஒருத்தி காலையில் சூடிய மல்லிகை, மாலைப் பாடம் முடிவதற்குள் ஓரத்தில் பழுத்திருக்கிறது. அடுத்த இருக்கையில் இருக்கும் கந்தருவன் அதைப் பார்த்துவிடுகிறான். பார்த்ததை அவளிடம் சொல்லவும் அஞ்சுகிறான், ஏனெனில் பூ வாடுவதற்குக் காரணம் தானாக இருக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். பழைய இலக்கியக் காதல் தலைவனுக்குத் தெளிவைத் தந்த அடையாளமே இங்கே அச்சத்தைத் தருகிறது. இந்த ஓர் இடம் போதும், நாவல் நகர்ந்துவிடும்.

பள்ளிக்கான கட்டடத்தையும் நாம் தேடி அலைய வேண்டியதில்லை. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானிலும் சுற்றுப்புற ஊர்களிலும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகள் இருக்கின்றன. முகப்பைக் கடந்து, பர்மா தேக்குக் கதவைத் தள்ளி உள்ளே போனால் வளவு எனப்படும் உள்முற்றப் பகுதி. அதைச் சுற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனித்தனி அறை. அறைக்குள் இருப்பது அவரவர் உடைமை, நடுவிலுள்ள முற்றம் மட்டும் எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் அறை என்று வைத்துக்கொண்டால், பூட்டிய கதவுகளுக்கு நடுவே அந்தப் பொது முற்றத்தில்தான் காதல் நிகழ வேண்டும்.

தடையும் மண்ணிலிருந்தே வரட்டும். இந்த வீடுகளுக்கு உரிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், சமூகத்தில் 9 நகரக் கோயில்கள் உண்டு. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பொதுவாகப் பங்காளிகளாகவே கருதப்படுவதால், அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இதுபோன்ற முறை ஒன்றை மாயக் குலங்களுக்கும் வகுத்துவிட்டால், காதலரைப் பிரிப்பது ஆசிரியரின் வசதிக்காகப் புகுத்திய சாபமாகத் தோன்றாமல், உறவுமுறையின் கனத்தோடு வாசகர் நெஞ்சில் இறங்கும்.

மாயத்துக்கு விலை உண்டு என்பதை மணிமேகலைக் காப்பியம் நமக்கு என்றோ காட்டிவிட்டது. தன்னை விரும்பித் தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, மணிமேகலை காயசண்டிகை என்பவளின் உருவத்தை எடுக்கிறாள். அவளைத் தன் மனைவி காயசண்டிகை என்றே நம்பிய விஞ்சையன், அதாவது வித்தியாதரன், காஞ்சனன், அவளைத் தேடி வந்த உதயகுமரனை வாளால் வெட்டுகிறான். தப்பிப்பதற்காக எடுத்த ஒரு வேற்றுருவம் ஓர் உயிரைக் குடித்துவிடுகிறது. உருமாற்றத்தைப் பாடமாகக் கற்பிக்கும் பள்ளியில், முதல் நாளே சொல்லவேண்டிய கதை இது.

கேள்வி கேட்ட மாணவி தன் முதல் அத்தியாயத்தை எழுதி எடுத்து வந்திருந்தார். அதில் கந்தருவன், பூ வாடியதை உடனே நாயகியிடம் சொல்லிவிடுகிறான். அதை மட்டும் மாற்றுமாறு கேட்டுக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல், மறுநாள் விடியுமுன் வளவு முற்றத்துக்கு வந்து, அவளது அறை வாசற்படியில் புதிய மல்லிகைச் சரம் ஒன்றை வைத்துவிட்டுப் போகட்டும்.

நன்றி, வணக்கம்.